வெளியே உண்ணும்போது எழும் சுகாதாரக் கவலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவகத்தில் நம் முன் வைக்கப்படும் தட்டுக்குப் பின்னால் நாம் பார்க்காத பல மணி நேர வேலை இருக்கிறது. யார் நறுக்கினார், எப்போது வேகவைத்தார், வெந்தது எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிய வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பாதுகாப்பற்ற உணவால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள்; 4,20,000 பேர் இறக்கிறார்கள். வீட்டுச் சமையலால் வரும் நோயும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே வெளியே உண்பவரின் கவலை வீணானதல்ல. ஆனால் அது பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறது என்பதே என் எண்ணம். எங்கே கவலைப்பட வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்பதைப் பிரித்துக் காட்டவே இந்தப் பதில்கள்.

உணவகம் சுத்தமானதா என்பதை உள்ளே நுழைந்ததும் கண்டுகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மேசை துடைக்கப்பட்டிருப்பதும் தரை பளிச்சென்று இருப்பதும் நல்ல அறிகுறிகளே. ஆனால் அவை நடத்துபவரின் அக்கறையைக் காட்டுமே தவிர, காலையில் வேகவைத்த இறைச்சி மதியம்வரை எந்தச் சூட்டில் இருந்தது என்பதைக் காட்டுவதில்லை. தரையைவிட ஆட்களின் கைகளையே நான் முதலில் பார்ப்பேன். பணத்தை வாங்கிய கையாலேயே உணவைத் தொடுகிறார்களா, தண்ணீர்க் குவளையை விளிம்பில் விரல் படும்படி பிடிக்கிறார்களா, மேசையைத் துடைத்த அதே ஈரத்துணியால் தட்டையும் துடைக்கிறார்களா என்பவை சமையலறைக்குள் நிலவும் பழக்கத்தை வெளியே காட்டிவிடும். ஈரத்துணி சிறிய பொருளாகத் தோன்றினாலும், நாள் முழுவதும் அலசாமல் பயன்படுத்தப்படும்போது அது கிருமிகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுசெல்லும் வாகனமாகிவிடுகிறது.

கழிப்பறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பல இடங்களில் பணியாளர்களும் அதையேதான் பயன்படுத்துகிறார்கள். அங்கே சோப்போ ஓடும் தண்ணீரோ இல்லையென்றால், உங்களுக்கான உணவைத் தொட்ட கைகள் சோப்பால் கழுவப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

உணவு சூடாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் வேகமாகப் பெருகுகின்றன. அதற்குக் கீழே அவற்றின் வளர்ச்சி மிகவும் மந்தமாகிறது. 60 டிகிரிக்கு மேலே வளர்ச்சி நின்றுவிடுகிறது. உணவின் நடுப்பகுதிவரை 70 டிகிரியை எட்டும்படி சமைத்தால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உணவு எவ்வளவு நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தது என்பதுதான். ஆவி பறக்க வரும் உணவு அண்மையில்தான் அடுப்பை விட்டு இறங்கியது என்பதற்குச் சாட்சி. மிதமான சூட்டில் வரும் உணவு அப்படி எந்தச் சாட்சியும் சொல்வதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று பாத்திரத்தின் அளவு. பெரிய பாத்திரம் நிறையச் செய்த இறைச்சிக் குழம்பை அப்படியே மூடி வைத்தால், அதன் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா அந்த மெதுவான சூட்டுக்காகவே காத்திருப்பது போன்றது. அதன் வித்துகள் கொதிநிலையைத் தாங்கிப் பிழைத்து, குழம்பு ஆறும்போது முளைத்து, ஏற்ற வெப்பநிலையில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வகுத்த விதித்தொகுப்பு, சமைத்த உணவை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் குளிர்விக்கச் சொல்கிறது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி ஆறவைக்கும் சமையலறை, பளிங்குத் தரை போட்ட சமையலறையைவிட நம்பத்தக்கது.

பழைய உணவானாலும் நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் கெடுதல் இல்லைதானே?

பல நேரங்களில் இது உண்மை, எப்போதும் உண்மையல்ல. கிருமியைக் கொல்வது ஒன்று, கிருமி உணவுக்குள் விட்டுச்சென்ற நச்சை அழிப்பது வேறொன்று. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடியவை. சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோற்றை வெளியிலேயே பல மணி நேரம் வைத்திருந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சை உருவாக்குகின்றன. அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கக்கூடியது. எனவே காலைச் சோற்றை மாலையில் எவ்வளவு பெரிய தீயில் வறுத்தாலும், சேர்ந்துவிட்ட நச்சு அப்படியே இருக்கும். கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உண்டாக்கும் நச்சும் இத்தகையதே. சரியாகக் குளிரூட்டப்படாத சில மீன்களில் சேரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளும் சமைப்பதால் நீங்குவதில்லை. உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தலைவலிப்பது அதன் அடையாளம்.

மணமும் சுவையும் நன்றாகவே இருந்தன. பிறகு எப்படி நோய் வந்தது?

உணவைப் புளிக்கவைத்து, நாற வைத்து, கொழகொழப்பாக்கும் நுண்ணுயிர்கள் ஒரு வகை. நம்மை நோயாளியாக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேறு வகை. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவோ நோரோவைரஸ் என்ற வைரஸோ இருக்கும் உணவு, இல்லாத உணவைப் போலவே மணக்கும். கெட்ட வாடை வந்தால் உண்ணாதீர்கள் என்பது சரியான அறிவுரை. வாடை வராததால் உண்ணலாம் என்று அதைத் திருப்பிப் படிப்பதுதான் தவறு.

நேற்றிரவு ஓர் உணவகத்தில் சாப்பிட்டேன், இன்று காலை வாந்தி. அந்த உணவகம்தானே காரணம்?

இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. வயிறு கெட்டதும் கடைசியாக உண்ட உணவின்மேல் பழி போடுவது மனித இயல்பு. அந்தப் பழி பல நேரம் நிரபராதிமேல் விழுகிறது. ஒரு சிறிய உணவகத்தின் பிழைப்பையே கெடுத்துவிடக்கூடிய குற்றச்சாட்டு என்பதால், இந்தக் கேள்வியை விரிவாகவே பார்க்க வேண்டும்.

உண்டதற்கும் தொல்லை தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் கிருமிக்குக் கிருமி மாறும். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சாக இருந்தால் அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி தொடங்கிவிடும். சோற்றில் உண்டாகும் வாந்தி நச்சும் ஏறத்தாழ அப்படியே, 6 மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் தரும், வாந்தி அரிது. நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள்வரை எப்போது வேண்டுமானாலும் வெளிப்படலாம். கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா பொதுவாக 2 முதல் 5 நாள் கழித்தும், இரத்தப்பேதியை உண்டாக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வகை பெரும்பாலும் 3 அல்லது 4 நாள் கழித்தும் தொல்லை தரும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ 15 நாளிலிருந்து 50 நாள்வரை மறைந்திருக்கும்; அதற்குள் எங்கே என்ன உண்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

ஆகவே காலையில் வாந்தி எடுத்தவருக்கு நேற்றிரவு உணவு காரணமாக இருக்கலாம். அதற்கு முந்தைய நாள் வீட்டில் உண்டதோ, பள்ளியிலிருந்து குழந்தை கொண்டுவந்த தொற்றோகூட காரணமாக இருக்கலாம். ஒரே மேசையில் ஒரே பண்டத்தை உண்ட இருவர் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தொல்லை வந்தால் சந்தேகம் வலுப்பெறும். அவர்கள் வேறு வேறு வீடுகளில் வசிப்பவர்களாக இருந்தால் இன்னும் வலுப்பெறும்.

சமைப்பவரே நோயுடன் இருந்தால்?

என்னைப் பொறுத்தவரை, வெளியே உண்பதில் உள்ள கவலைகளில் முதலிடம் இதற்குத்தான். நோரோவைரஸ் மிகச் சில துகள்கள் உள்ளே போனாலே தொற்றக்கூடியது. நோயாளியின் வாந்தியிலும் மலத்திலும் அது கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம் அதன்மேல் அவ்வளவாக வேலை செய்வதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடும் வேலைக்கு வரக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி.

ஆனால் ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வேலைக்கு வரத்தான் செய்வார். நியூயார்க்கில் சமையற்காரராக இருந்த மேரி மேலனின் வரலாறு இதற்குப் பழைய சான்று. அவர் உடலில் டைஃபாய்டுக் கிருமி இருந்தது. ஆனால் நோயின் அறிகுறி எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைஃபாய்டு வந்ததால் 1907இல் அவரைப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910இல் விடுவித்தார்கள். தெரிந்த தொழிலை விட்டுவிட்டுக் குறைந்த வருவாயில் அவரால் நெடுநாள் இருக்க இயலவில்லை. வேறு பெயரில் மீண்டும் சமையலுக்குப் போனார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டைஃபாய்டு பரவியபோது, அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பது தெரியவந்தது. 1938இல் இறக்கும்வரை அவர் தனிமையிலேயே வைக்கப்பட்டார். நோயுற்ற பணியாளருக்குச் சம்பளத்துடன் விடுப்புக் கொடுக்கும் உணவகம், அந்தப் பணியாளருக்கு மட்டுமல்லாமல் அன்று உண்ண வரும் அத்தனை பேருக்கும் பாதுகாப்பை அளிக்கிறது.

கையுறை போட்டுப் பரிமாறினால் போதுமா?

போதாது. கையுறையோடு பச்சை இறைச்சியையும் பணத்தையும் கதவுப்பிடியையும் தொட்டுவிட்டு அதே கையுறையோடு உணவைத் தொட்டால், அது வெறுங்கையைவிட எந்த வகையிலும் மேலானதல்ல. கை அழுக்கானால் உடனே உணர்கிறோம், கழுவுகிறோம். கையுறை அந்த உணர்வையே மறைத்துவிடுகிறது.

சைவ உணவு மட்டும் உண்டால் இந்தக் கவலைகள் தீர்ந்துவிடுமா?

குறையும், தீராது. சோற்றைப் பற்றி மேலே சொன்னதே போதும். சமைக்காமல் பரிமாறப்படும் காய்கறிக்கு, கிருமியைக் கொல்லும் சூடு என்ற கட்டம் இடையில் எங்குமே இல்லை. வயலில் பாய்ந்த நீர், அறுத்த கை, நறுக்கிய பலகை என எல்லாமே தட்டுவரை கூடவே வருகின்றன. பச்சை இறைச்சியை வெட்டிய பலகையிலேயே வெள்ளரியை நறுக்கியிருந்தால், இறைச்சி வெந்துவிடும், வெள்ளரி வேகாது. முளைகட்டிய பயறு இவற்றில் தனியாகக் குறிப்பிட வேண்டியது. விதை முளைப்பதற்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் அப்படியே பொருந்துகின்றன. வெளியே உண்ணும்போது முளைப்பயறு வேண்டுமானால் வேகவைத்ததைக் கேளுங்கள்.

பனிக்கட்டியும் தண்ணீரும்?

உறைதல் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. நம்பிக் குடிக்க முடியாத தண்ணீரில் செய்த பனிக்கட்டியும் நம்பத்தக்கதல்ல. சந்தேகம் இருந்தால் பனிக்கட்டி போடாத பானத்தையோ, உங்கள் கண்முன் மூடி திறக்கப்படும் புட்டியையோ கேட்டு வாங்குங்கள்.

பஃபே முறையில் உண்பது ஆபத்தா?

வைத்திருக்கும் முறையைப் பொறுத்தது. சூடான பண்டங்களின் கீழே உண்மையில் சூடு இருக்கிறதா, குளிர்ந்தவை பனியின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றனவா, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி உண்டா என்று பாருங்கள். தீர்ந்துபோகும் பாத்திரத்தின்மேலேயே புதியதைக் கொட்டி நிரப்பினால், அடியில் கிடப்பது காலையிலிருந்தே அங்கே இருக்கலாம். பரிமாறத் தொடங்கும் நேரத்திலேயே போவது நல்லது.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் வெளியே உண்ணலாமா?

உண்ணலாம், ஆனால் அவர்களுக்கான தேர்வு கண்டிப்பாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டு முட்டை, நடுவில் சிவப்பாக இருக்கும் அரைத்த இறைச்சி, காய்ச்சாத பாலும் அதிலிருந்து செய்தவையும், பச்சை மீன் ஆகியவற்றை இவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெல்ல வளரக்கூடியது. கர்ப்பிணிக்கு அது லேசான காய்ச்சலாகத் தோன்றிவிட்டு, கருவிலுள்ள குழந்தையின் உயிரைப் பறித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அதே மதிப்பீட்டில், உணவால் இறப்பவர்களில் ஏறத்தாழ 1,25,000 பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெரியவர்களுக்கு இரண்டு நாள் தொல்லையாகக் கழிந்துவிடுவது, சிறு குழந்தைக்கு நீரிழப்பாக முற்றிவிடக்கூடும் என்பதை வீட்டார் மனத்தில் கொள்ள வேண்டும்.

உணவில் முடி கிடந்தால் அந்த உணவகத்தையே ஒதுக்கிவிட வேண்டுமா?

முடி அருவருப்பானது, ஆனால் அதனால் நோய் வருவது அரிது. மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றித் தருவதாகச் சொல்லி முடியை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்தால், அப்போது எழுந்து வந்துவிடலாம். கரப்பான்பூச்சியும் எலிப்புழுக்கையும் வேறு கதை. பகலில், விளக்கு வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில் அவை கண்ணில் படுகின்றன என்றால், மறைவில் அவை ஏராளமாக இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

எனக்கு ஒவ்வாமை உண்டு. பரிமாறுபவரிடம் எப்படிச் சொல்வது?

“இது எனக்குப் பிடிக்காது” என்று சொல்லாதீர்கள். “இதை உண்டால் என் உயிருக்கே ஆபத்து” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிடிக்காததைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று சமையலறையில் நினைக்கக்கூடும். நிலக்கடலை வறுத்த எண்ணெயில் வேறொன்றைப் பொரித்தாலே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும். சூடும் அதற்குப் பரிகாரம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். பரிமாறுபவர் தயங்கினால், சமைப்பவரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். “இருக்காது என்றுதான் நினைக்கிறேன்” என்ற பதிலை நம்பி உண்ண வேண்டாம்.

மீந்ததைக் கட்டிக்கொண்டு போகலாமா?

மேசைக்கு வந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடும் என்றால் எடுத்துச் செல்லலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைத்துவிட்டு வேறு வேலைகளை முடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இப்படியெல்லாம் கேள்வி கேட்பது அநாகரிகமாகத் தெரியாதா?

குரல்தான் அதைத் தீர்மானிக்கிறது. “இது இப்போது செய்ததா?”, “இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தர முடியுமா?” என்று தணிவாகக் கேட்பதை எந்த நல்ல உணவகமும் தவறாக எண்ணாது. பரிமாறுபவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதாகிக் கிடப்பதற்கும், பாத்திரம் கழுவ ஆள் போதாததற்கும் அவர் பொறுப்பல்ல. பொறுப்பாளரிடமே சொல்லுங்கள்.

நோயுற்றுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலமே சிறந்தது. அது கைக்கு எட்டாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கலாம். உப்பு அளவுக்கு மிஞ்சினால், குறிப்பாகக் குழந்தைக்கு, அதுவே தீங்காகும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதையும் குடித்து வைத்துக்கொள்ள இயலாத வாந்தி, சிறுநீர் மிகவும் குறைதல், பார்வை மங்குதல் போன்றவை தெரிந்தால் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். வைரஸால் வந்த நோய்க்கு அதனால் பயனில்லை. இரத்தப்பேதி உண்டாக்கும் ஈ.கோலை வகையில், சிறுநீரகம் பழுதாகும் ஆபத்தை அது கூட்டிவிடலாம்.

அதிகாரிகளிடம் புகார் செய்வதால் ஏதாவது நடக்குமா?

நடக்கும், ஆனால் புகாரில் விவரம் இருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, என்னென்ன உண்டீர்கள், கூட உண்டவர் யார், யாருக்கு எப்போது என்ன தொல்லை தொடங்கியது என்பதை நினைவு மங்குவதற்கு முன்பே எழுதிவையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் மலப்பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள்; எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த உணவு என்று தேட முடியாது.

2011இல் ஜெர்மனியில் ஒரு கொடிய ஈ.கோலை வகை பரவி, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காய்மேல் சந்தேகம் விழுந்தது. அதைப் பயிரிட்ட உழவர்கள் குற்றமின்றியே பெரும் நட்டம் அடைந்தார்கள். நோயுற்றவர்களிடம் என்ன உண்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்று சொன்னார்கள். பின்னர் புலனாய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் உண்ட பல குழுவினர் எந்தெந்தப் பண்டங்களை உண்டார்கள் என்பதைத் திரட்டிக்கொண்டு, ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமைத்தவரிடமே கேட்டார்கள். உண்டவர்களில் பலர் நினைவிலேயே வைத்திராத ஒன்று, தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவப்பட்டிருந்த முளைப்பயறு, நோயுற்றவர்களின் தட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. தடத்தைப் பின்தொடர்ந்தபோது அது வெந்தய முளையில் போய் முடிந்தது.